146ஆம் சங்கீதமும் ஹில்ஸ்பரோ அம்மாவும்

1873 டிசம்பர் 24, காலை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஹில்ஸ்பரோ என்ற சிற்றூர். அங்கிருந்த பிரெஸ்பிடீரியன் தேவாலயத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஆண்களும் சிலர் இருந்தார்கள். 57 வயதான எலைசா தாம்சனைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்து, முன்னால் வரும்படி கூப்பிட்டார்கள். அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. கால் தாங்கவில்லை. மாநில ஆளுநராக இருந்தவரின் மகள், நீதிபதியின் மனைவி, எட்டுப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். ஆனால் ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் வாய் திறந்து பழக்கமில்லாதவர்.

ஆண்களில் ஒருவருக்கே விஷயம் புரிந்தது. நாம் இங்கே உட்கார்ந்திருக்கும்வரை பெண்கள் எதுவும் செய்யப்போவதில்லை என்றார். ஆண்கள் எழுந்து வெளியே போனார்கள். கடைசி ஆள் கதவைச் சாத்திக்கொண்டு போனதும், அதுவரை அறியாத ஒரு பலம் தனக்குள் வந்தது என்று பல வருடங்களுக்குப் பிறகு அவர் எழுதினார். நேராகப் போதகரின் மேசைக்குப் போனார். அங்கிருந்த வேதாகமத்தை எடுத்து 146ஆம் சங்கீதத்தை வாசித்தார். அப்புறம் ஜெபம், பாட்டு. அப்புறம் இரண்டிரண்டு பேராக வரிசை கட்டிப் பனித்தெருவில் இறங்கி, மது விற்கும் கடைகளை நோக்கி நடந்தார்கள்.

அடுத்த சில மாதங்களில் 900க்கும் மேற்பட்ட ஊர்களில் பெண்கள் இதையே செய்தார்கள். அமெரிக்கப் பெண்கள் இவ்வளவு பெரிய அளவில் தெருவில் இறங்கியது அதுவே முதல் தடவை. கட்சி, பதவி, பிரச்சாரம் எதுவும் அறியாத ஒரு சபைப் பெண்மணியின் கையில் இருந்தது சங்கீதமும் பாட்டும் முழங்காலும் மட்டும்தான். அவை எப்படிப் போதுமானதாக இருந்தன என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது.

எலைசா பிறந்தது 1816 ஆகஸ்ட் 24, இதே ஹில்ஸ்பரோவில். சின்சினாட்டி நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர் இது. இன்று மிட்வெஸ்ட் என்று சொல்லப்படும் நடுமேற்குப் பகுதி அப்போது புதிதாகக் குடியேற்றம் நடந்த நாடு. அப்பா ஆலன் டிரிம்பிள் பிறகு ஒஹாயோவின் ஆளுநரானார். குடும்பம் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தது. காலை ஜெபம், மாலை ஜெபம், ஞாயிறு ஆராதனை, சங்கீதம் மனப்பாடம் என்று வளர்ந்த வீடு.

அவர் பிறந்த காலத்தின் குடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. ஒஹாயோ பள்ளத்தாக்கில் சோளம் ஏராளமாக விளைந்தது. ஆனால் மலை தாண்டிக் கிழக்கே கொண்டுபோக நல்ல சாலை கிடையாது. சோளத்தை மூட்டையாக ஏற்றினால் வண்டிக்கூலிக்கே கட்டாது. அதையே விஸ்கியாகக் காய்ச்சிப் பீப்பாயில் அடைத்தால், அதே குதிரை பல மடங்கு சோளத்தின் மதிப்பைச் சுமக்கும், கெட்டும் போகாது. ஆகவே விஸ்கி மலிந்தது. 1830 வாக்கில், 15 வயதுக்கு மேற்பட்ட ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக 26 லிட்டர் தூய ஆல்கஹால் அளவுக்குக் குடித்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த நாட்டில் அதற்கு முன்னும் பின்னும் இவ்வளவு குடித்ததில்லை. அறுவடைக்கு ஆள் வந்தால் விஸ்கி, வீடு கட்டினால் விஸ்கி, தேர்தல் வந்தால் விஸ்கி. குழந்தைக்கு வயிற்றுவலி என்றால்கூடச் சில துளிகள்.

இதற்கு எதிர்வினையாகத்தான் மதுவிலக்கு இயக்கம் பிறந்தது. 1826இல் பாஸ்டனில் அமெரிக்க மதுவிலக்குச் சங்கம் தொடங்கியது. சபைகள் அதைக் கையில் எடுத்தன. 1836இல் நியூயார்க் மாநிலத்தின் சரடோகா ஸ்பிரிங்ஸ் ஊரில் தேசிய அளவில் ஒரு மதுவிலக்கு மாநாடு நடந்தபோது, ஆலன் டிரிம்பிள் தன் மகளையும் கையோடு கூட்டிப்போனார். மாநாட்டு அறை முழுக்க ஆண்கள். அந்த வாசலில் தான் தயங்கி நின்றதை எலைசா கடைசிவரை மறக்கவில்லை. அடுத்த வருடம் ஜேம்ஸ் தாம்சன் என்ற இளம் வழக்கறிஞரை மணந்தார். சில வருடம் சின்சினாட்டியில் இருந்துவிட்டு ஹில்ஸ்பரோவுக்கே திரும்பினார்கள். அதன்பின் 30 வருட வாழ்க்கையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: வீடு, பிள்ளைகள், சபை. வெளியுலகத்துக்கு அதில் செய்தி எதுவும் இல்லை. ஆனால் மகன் ஒருவர் குடியில் சிக்கி அழிந்த துயரம் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. நல்ல குடும்பம், படித்த குடும்பம், ஜெபிக்கிற குடும்பம் என்பதெல்லாம் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றவில்லை. இது தெரிந்தால்தான் 57 வயதில் அந்த அம்மா தெருவில் இறங்கியதன் கனம் புரியும்.

சரி, ஏன் 1873? ஏன் ஒஹாயோ?

ஒஹாயோவின் சட்டநிலை ஒரு விசித்திரமான குழப்பத்தில் இருந்தது. 1851இல் எழுதப்பட்ட மாநில அரசியல் சாசனம், மது விற்க அரசு உரிமம் கொடுக்கக்கூடாது என்றது. பாவத்துக்கு அரசு முத்திரை போடக்கூடாது என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம். ஆனால் உரிமம் இல்லை என்றால் கட்டுப்பாடும் இல்லை. மதுக்கடைகள் பெருகின. 1870இல் அடேர் சட்டம் என்று ஒன்று வந்தது. குடிகாரக் கணவனுக்குத் தொடர்ந்து மது விற்ற கடைக்காரர்மீது மனைவி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்றது அது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் எத்தனை பெண்கள் கணவன் குடித்ததை நீதிமன்றத்தில் நின்று சொல்வார்கள்? ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் எலைசா ஸ்டூவர்ட் என்ற இன்னொரு அம்மா, 1872இல் இப்படி ஒரு பெண்ணுக்காக நீதிமன்றத்தில் தானே எழுந்து நின்று ஜூரியிடம் பேசி வென்றார். அது அபூர்வம்.

1873இல் ஒஹாயோ தன் அரசியல் சாசனத்தைத் திருத்தி எழுத மாநாடு கூட்டியிருந்தது. உரிமம் வழங்கலாமா கூடாதா என்ற கேள்வி மீண்டும் மேசைக்கு வந்தது. முடிவெடுக்கப்போவது ஆண்கள், வாக்களிக்கப்போவதும் ஆண்கள். போதாததற்கு அந்தச் செப்டம்பரில் ஜே குக் வங்கி நிறுவனம் கவிழ்ந்து, நாடு முழுக்கப் பொருளாதாரச் சரிவு. வேலை போயிற்று, கூலி குறைந்தது. கையில் கிடைத்த கொஞ்சக் கூலியும் வீட்டுக்கு வருமுன் மதுக்கடை வழியாக வரவேண்டியிருந்தது. கணவன் சம்பாதித்தது கணவனுக்கே சொந்தம் என்ற காலம். அதைக் குடித்துத் தீர்த்தால் மனைவி கேட்க வழியில்லை. அவருக்கு ஓட்டும் இல்லை. குடி என்பது அந்தப் பெண்களுக்கு ஒழுக்கப் பிரச்சினை என்பதைவிடச் சோற்றுப் பிரச்சினை. அவர்களை வெறும் ஒழுக்கக் காவலர்கள் என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் டாக்டர் டையோ லூயிஸ் வந்தார். பாஸ்டன்காரர். ஓமியோபதி வைத்தியர், உடற்பயிற்சிப் பிரச்சாரகர், ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவாற்றுகிறவர். அவருடைய அப்பா குடிகாரர். அம்மா வேறு வழியில்லாமல் சில தோழிகளைக் கூட்டிக்கொண்டு, கணவர் குடிக்கும் கடைக்கே போய் முழங்காலிட்டு ஜெபித்து, கடையை மூடும்படி கெஞ்சினாராம். அதைச் சிறுவயதில் பார்த்த பிள்ளை, வளர்ந்தபின் போகிற ஊரெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். உங்கள் ஊரிலும் ஏன் செய்யக்கூடாது என்று பெண்களைக் கேட்டார். நியூயார்க் மாநிலத்தின் ஃபிரெடோனியாவில் டிசம்பர் 15ஆம் தேதியே பெண்கள் கிளம்பிவிட்டார்கள். நாளைக் கணக்குப் பார்த்தால் முதல் ஊர் அதுதான், ஹில்ஸ்பரோ அல்ல. ஆனால் ஃபிரெடோனியாவில் அது பெரிதாகப் பரவவில்லை. ஹில்ஸ்பரோவில் பற்றிய தீதான் மாநிலம் முழுக்கப் போயிற்று.

லூயிஸ் ஹில்ஸ்பரோவில் மதுவைப் பற்றிப் பேசிய மாலை எலைசா அங்கே போகவில்லை. பதின்வயது மகன் போயிருந்தான். ஓடிவந்து செய்தி சொன்னான்: அம்மா, உன்னையும் குழுவில் போட்டிருக்கிறார்கள், காலை ஒன்பது மணிக்கு பிரெஸ்பிடீரியன் கோயிலுக்கு வரவேண்டும், அங்கிருந்து மதுக்கடைகளுக்குப் போகப்போகிறார்களாம். வெளியூர் நீதிமன்றத்திலிருந்து களைத்து வந்து சோபாவில் சாய்ந்திருந்த நீதிபதி தாம்சன், இது என்ன கோமாளித்தனம் என்றார். எலைசா பதில் சொன்னார்: ஆண்கள் ரொம்ப காலமாக இந்தக் கோமாளித்தனத்தைச் செய்துகொண்டுதானே இருக்கிறீர்கள், இப்போது பெண்களும் கொஞ்சம் சேரவேண்டும் என்பது கடவுளின் சித்தமாக இருக்கலாம்.

மறுநாள் காலை பிள்ளைகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போவாளா, மாட்டாளா? அப்போது நீதிபதி சொன்ன வார்த்தை எனக்கு மிகவும் பிடித்தது. சிக்கலான விஷயங்களை உங்கள் அம்மா எங்கே போய்த் தீர்த்துக்கொள்வாள் என்று உங்களுக்குத் தெரியுமே, அவளைத் தனியாக விடுவோம் என்றார். எலைசா தன் அறைக்குப் போய் முழங்காலிட்டார். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம். மகள் கண்ணீரோடு நின்றாள், கையில் திறந்த வேதாகமம். புரட்டியபோது 146ஆம் சங்கீதம் வந்தது, அது உனக்காகத்தான் என்று நினைக்கிறேன் அம்மா என்றாள்.

நம்முடைய தமிழ் வேதாகமத்தில் அந்தச் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். 'பிரபுக்களையும், இரட்சிக்கத்திராணியில்லாத மனுபுத்திரனையும் நம்பாதேயுங்கள்' என்று மூன்றாம் வசனம். சட்டசபையையும் அரசியல் சாசன மாநாட்டையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன பெண்களுக்கு இதைவிட நேரான வார்த்தை வேண்டுமா? அப்புறம் பசியாயிருக்கிறவர்களுக்கு ஆகாரம், கட்டுண்டவர்களுக்கு விடுதலை. ஒன்பதாம் வசனத்தில் 'திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் ஆதரிக்கிறார்' என்று வந்து, 'துன்மார்க்கரின் வழியையோ கவிழ்த்துப்போடுகிறார்' என்று முடிகிறது. குடிக்கு யார் பலி, யார் காரணம், யாரை நம்பக்கூடாது, என்ன நடக்கவேண்டும் என்பது எல்லாம் பத்து வசனத்துக்குள் இருக்கிறது. 'கவிழ்த்துப்போடுகிறார்' என்ற சொல்லைப் படிக்கும்போது எனக்கு ஒரு பீப்பாய் தெருவில் உருண்டு கவிழ்வதுதான் கண்ணில் வருகிறது. பிறகு பல ஊர்களில் அதேதான் நடந்தது. மனம் மாறிய கடைக்காரர்கள் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வந்து சாக்கடையில் ஊற்றினார்கள்.

அந்தக் காலத்துச் சபைப் பெண்ணின் நிலையையும் இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். 'சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்' என்ற பவுலின் வசனம் அவர்களுக்கு மனப்பாடம். ஆணும் பெண்ணும் கலந்திருக்கும் கூட்டத்தில் ஒரு கண்ணியமான பெண் எழுந்து பேசினால் ஊர் முகம் சுளிக்கும். எலைசாவின் கால் தாங்காமல் போனதற்குக் காரணம் கூச்சம் மட்டுமில்லை. ஐம்பது வருடப் பழக்கம் அது. ஆனால் அதே சபைதான் அவருக்கு வேறு மூன்று காரியங்களைச் சிறுவயதிலிருந்தே பழக்கியிருந்தது: சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்க, எல்லோருடனும் சேர்ந்து பாட, பிறருக்காக ஜெபிக்க. இவற்றை ஒரு பெண் செய்தால் பேசுகிறாள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மெதடிஸ்ட் பெண்கள் ஜெபக்கூட்டங்களில் வாய்விட்டு ஜெபித்துப் பழகியவர்கள். சொற்பொழிவு அவர்களுக்கு மூடிய கதவு. ஜெபமோ திறந்தே இருந்த கதவு. அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் எலைசா தெருவுக்கு வந்தார்.

பாட்டும் அப்படித்தான். அன்று காலை அவர்கள் பாடியது, உன் பயங்களைக் காற்றில் பறக்கவிடு என்று தொடங்கும் பாட்டு. ஜெர்மனியில் முப்பதாண்டுப் போரின் நாசத்தைக் கண்ணால் கண்ட பவுல் கெர்ஹார்ட், 17ஆம் நூற்றாண்டில் எழுதியது. 'உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து' என்று வரும் 37ஆம் சங்கீத வசனத்தின் ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு சரணத்தின் தொடக்கமாக வைத்துக் கட்டிய பாட்டு அது. மெதடிஸ்ட் சபையை நிறுவிய ஜான் வெஸ்லி அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தரங்கம்பாடி வழி வந்த லுத்தரன் ஞானப்பாட்டுகளில் ஊறியவர்களுக்குக் கெர்ஹார்ட் பெயர் புதிதாக இருக்காது.

பாடிக்கொண்டே வரிசை கட்டினார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட பெண்கள். குட்டையானவர்கள் முன்னே, உயரமானவர்கள் பின்னே. முதலில் போனது மருந்துக்கடைகளுக்கு. இது இன்று விநோதமாகத் தோன்றும். அந்தக் காலத்தில் மருந்துக்கடைகளில் விஸ்கியும் பிராந்தியும் மருந்தென்ற பெயரில் தாராளமாக விற்றார்கள். ஊரின் நான்கு மருந்துக்கடைகளில் மூன்று கடைக்காரர்கள், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பதில்லை என்ற உறுதிமொழிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்கள். டன் என்ற நான்காமவர் மறுத்தார்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் மதுக்கடைகளுக்குப் போனார்கள். அங்கே அதற்குப் பெயர் சலூன். நமக்கு சலூன் என்றால் முடிவெட்டும் கடை என்பதால் மதுக்கடை என்றே எழுதுகிறேன். முதல் கடையின் உரிமையாளர், ஊரின் பெரிய வீட்டுப் பெண்கள் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் மரியாதையாகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். கடைசிப் பெண் உள்ளே வரும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். அதன்பிறகுதான் அவருக்கு உறைத்தது. கதவைச் சாத்திவிட்டுப் போய் மேடைக்குப் பின்னால் நின்றார். எலைசா அவரைப் பார்த்து, எங்களை இங்கே பார்ப்பது உங்களுக்கு விசித்திரமாக இருக்கும் என்று ஆரம்பித்து, திட்டாமல், வந்த காரணத்தை அமைதியாகச் சொன்னார். ஜெபிக்கலாமா என்று கேட்டார். எல்லோரும் அந்தத் தரையிலேயே முழங்காலிட்டார்கள்.

அந்தக் கடைக்காரருடைய இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சண்டைக்கு வந்தவனை அடித்து வெளியே தள்ள அவருக்குத் தெரியும். கடன் கேட்டு வந்தவனுக்குப் பதில் சொல்லத் தெரியும். ஆனால் முழங்காலில் நிற்பது நீதிபதியின் மனைவி. பக்கத்தில் வைத்தியரின் மனைவி, கடைத்தெரு வியாபாரியின் மனைவி, போதகரின் மனைவி. அவர்கள் அவருடைய ஆத்துமாவுக்காக ஜெபிக்கிறார்கள். தொட முடியாது, திட்ட முடியாது. கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நழுவுகிறார்கள். நாளைக்கும் வருவார்கள், அடுத்த நாளும் வருவார்கள். கதவை மூடினால் வாசலில் பனியில் முழங்காலிடுவார்கள். வன்முறை எதுவுமில்லாமல் கடையின் வியாபாரத்தை நிறுத்திவைக்கும் வழி இது. 27 வருடம் கழித்து கான்சாஸ் மாநிலத்தில் கேரி நேஷன் கோடரி எடுத்து மதுக்கடைகளை உடைத்தார். உலகம் அவரைத்தான் அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு ஹில்ஸ்பரோ வழிதான் கடினமான வழியாகத் தெரிகிறது. கோடரிக்கு ஒரு நிமிட ஆவேசம் போதும். ஜெபத்துக்குத் தினமும் குளிரில் போய் நிற்கவேண்டும்.

கையெழுத்துப் போட மறுத்த டன்னின் கடை முன்னால் பெண்கள் ஒரு கூடாரமே போட்டார்கள். 1874 ஜனவரி கடைசியில், ஒஹாயோவின் குளிரில், அந்தக் கூடாரத்துக்குள் ஜெபமும் பாட்டும் நடந்தன. டன் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கினார். கூடாரம் அகற்றப்பட்டது. பெண்கள் மீது அவர் நஷ்டஈட்டு வழக்கும் போட்டார். நீதிபதியின் வீட்டிலிருந்தே ஒரு பிரதிவாதி. தன் தொழில், தன் கடை, சட்டப்படி விற்கிறேன் என்பது டன்னின் வாதம். அதில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒருவரின் கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்பது அவருடைய பிழைப்பின்மேல் கைவைப்பதுதான். ஆனால் அவருடைய பிழைப்பு எத்தனை வீடுகளின் பிழைப்பில் கைவைத்தது என்று கேட்க, அந்தப் பெண்களுக்கு வேறு எந்த மன்றமும் இருக்கவில்லை.

பக்கத்து மாவட்டத்து வாஷிங்டன் கோர்ட் ஹவுஸ் என்ற ஊரில் இது இன்னும் வேகமாக வென்றது. அங்கே மட்டில்டா கார்பென்டர் என்பவர் முன்னின்றார். பெண்கள் கடைகளுக்குப் போக, ஆண்கள் கோயிலில் இருந்து ஜெபித்தார்கள், கோயில் மணி ஒலித்தது. ஒரு வாரத்துக்கும் சற்றுக் கூடுதலான நாட்களில் ஊரின் மதுக்கடைகள் எல்லாம் மூடப்பட்டன. இதுதான் பத்திரிகைகளை அதிரவைத்தது. நியூயார்க்கின் படப் பத்திரிகைகள் ஓவியர்களை வைத்துப் படம் வரைந்து போட்டன. ஒஹாயோவின் விஸ்கிப் போர் என்றே பெயர் வந்தது. இண்டியானா, இல்லினாய்ஸ், மிச்சிகன் என்று பரவியது.

எல்லா இடத்திலும் தொப்பியைக் கழற்றவில்லை. பெருநகரங்களில் வரவேற்பு வேறு மாதிரி இருந்தது. சின்சினாட்டி பீர் காய்ச்சும் நகரம், ஜெர்மானியர்கள் நிறைந்த நகரம். அங்கே பெண்கள்மேல் பீர் ஊற்றினார்கள், கூச்சலிட்டார்கள். நடைபாதையை மறித்ததாகப் போலீஸ் பெண்களைக் கைது செய்தது. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து குடும்பத்தோடு பீர்த் தோட்டத்தில் உட்காருவது ஜெர்மானியக் குடியேறிகளின் வழக்கம். பிள்ளைகளும் கூட இருப்பார்கள். அதையும் பாவம் என்று பார்த்த கண்ணில், வெளியிலிருந்து வந்தவர்கள்மேல் பழைய குடிகளுக்கு இருந்த ஏளனமும் கலந்திருந்தது. எலைசாவின் தோழிகள் எல்லோரும் ஊரின் மேல்தட்டுப் பெண்கள் என்பதையும் மறக்க முடியாது. ஏழைத் தொழிலாளியின் மனைவி கடை வாசலில் மண்டியிட்டிருந்தால் கதவைத் திறந்து பிடித்திருப்பாரா அந்தக் கடைக்காரர்? மாட்டார். அவர்களுடைய அந்தஸ்துதான் அவர்களுக்குக் கவசமாக இருந்தது. அந்தக் கவசத்தைத் தங்களுக்காக மட்டும் வைத்துக்கொள்ளாமல் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள் என்பதை நான் மதிக்கிறேன்.

1874 கோடைக்குள் அலை அடங்கிவிட்டது. மூடிய கடைகளில் பெரும்பாலானவை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. ஜெபத்தால் மூடியது ஜெபம் நின்றதும் திறந்துகொண்டது என்று பத்திரிகைகள் எழுதியிருக்கும்தான். ஆனால் ஆகஸ்டில் ஒஹாயோ வாக்காளர்கள், மது விற்பனைக்கு உரிமம் வழங்கும் பிரிவைத் தோற்கடித்தார்கள். புதிய அரசியல் சாசனமும் தோற்றது. அந்த நவம்பரில் கிளீவ்லாந்து நகரின் ஒரு பிரெஸ்பிடீரியன் தேவாலயத்தில் பல மாநிலப் பெண்கள் கூடிப் பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அனி விட்டன்மயர் முதல் தலைவி. செயலாளராக வந்தவர் ஃபிரான்சிஸ் வில்லர்ட் என்ற 35 வயது முன்னாள் கல்லூரி நிர்வாகி, இல்லினாய்ஸின் எவன்ஸ்டனைச் சேர்ந்த மெதடிஸ்ட் பெண். 1879இல் தலைவியான வில்லர்ட், மதுவிலக்கிலிருந்து பெண்களின் ஓட்டுரிமைக்கும், தொழிலாளர் கோரிக்கைகளுக்கும், சிறைச் சீர்திருத்தத்துக்கும் சங்கத்தை நகர்த்தினார். வீட்டைக் காக்கவேண்டும் என்றால் பெண்ணுக்கு ஓட்டு வேண்டும் என்று அவர் வாதாடினார். ஓட்டு என்ற சொல்லையே கேட்கப் பயந்த சபைப் பெண்கள் பல்லாயிரம் பேர் இந்த வழியாகத்தான் அதற்குப் பழகினார்கள். சங்கத்தின் சின்னம் ஒரு வெள்ளை ரிப்பன். அவர்களுடைய அறப்போர் சங்கீதம் 146, அறப்போர்ப் பாட்டு கெர்ஹார்ட்டின் பாட்டு.

எலைசா இந்தப் பெரிய சங்கத்தின் மேடையில் தலைவியாக வந்து நிற்கவில்லை. ஊர்களுக்குப் போய்ப் பிரச்சாரம் செய்கிற வேலை ஸ்டூவர்ட் அம்மாவுக்கும் வில்லர்டுக்கும் வாய்த்தது. இவர் ஹில்ஸ்பரோவிலேயே இருந்தார். அம்மா தாம்சன் என்று நாடு முழுவதும் பெயர் பரவியபோதும் அவருடைய வீடும் கோயிலும் பேரப்பிள்ளைகளும் மாறவில்லை. 1896இல், 80 வயதில், இரண்டு மகள்களும் வில்லர்டும் கைகொடுக்க ஒரு புத்தகம் வெளியிட்டார். ஹில்ஸ்பரோ அறப்போரின் நினைவுகளும் குடும்பப் பதிவுகளும் அதில் ஒன்றாகவே இருக்கின்றன. படிக்கிறவருக்கு இரண்டு வேறு வேறு புத்தகங்களைச் சேர்த்துக் கட்டியது போலத் தோன்றலாம். அவருக்கு அது ஒரே கதை. வீட்டில் மகள் கொண்டுவந்த வசனம்தான் தெருவில் வாசிக்கப்பட்டது.

அவரைவிட 23 வயது இளையவரான வில்லர்ட் 1898 பிப்ரவரியில் நியூயார்க்கில் இறந்தார். 1905 பிப்ரவரியில், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் சிலை மண்டபத்தில் வில்லர்டின் சிலை நிறுவப்பட்டது. அந்த மண்டபத்தில் இடம்பெற்ற முதல் பெண் சிலை அதுதான். அதே 1905, நவம்பர் 3ஆம் தேதி, பிறந்த ஊரான ஹில்ஸ்பரோவிலேயே எலைசா தாம்சன் காலமானார். வயது 89.

அவர் இறந்தபோது ஒஹாயோவில் மதுக்கடைகள் இருந்தன. நாடு தழுவிய மதுவிலக்கு 1920 ஜனவரியில்தான் வந்தது, 1933 டிசம்பரில் போய்விட்டது. பெண்களின் ஓட்டுரிமை 1920 ஆகஸ்டில் வந்தது, அது போகவில்லை. ஒஹாயோவில் 1912இல் அந்த உரிமையை வாக்கெடுப்புக்கு விட்டபோது, அதைத் தோற்கடிக்க முன்னின்று உழைத்தவர்கள் மது வியாபாரிகள். யாருக்குப் பயப்படவேண்டும் என்று அவர்களுக்கு 1873இலிருந்தே தெரிந்திருந்தது.

எலைசாவுக்குச் சட்டம் கொடுத்த ஓட்டு ஒன்றே ஒன்று. 1894இல் ஒஹாயோ, பள்ளிக்கூட வாரியத் தேர்தலில் மட்டும் பெண்கள் வாக்களிக்கலாம் என்றது. அப்போது அவருக்கு வயது 77.